வைபியும் ரம்புத்தான் மரமும்

“மரம் என்னோடது, வைபி. வேரு அவங்க சுவருக்குள்ள போனா நான் என்ன செய்யுறது?” என்றார் செல்லப்பன்.

“வேரோட சேர்த்து அவரையும் பிடுங்கிப் போடுங்க, வைபி!” என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் வெள்ளையம்மா.

ரூபேந்திரனுக்குத் தலை சுற்றியது. குளுவாங் நீதிமன்றத்தில் அவர் எழுந்து நின்றாலே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வியர்க்கும். அப்படிப்பட்ட மனிதர் சட்டமன்ற உறுப்பினராகி, ஊரார் வாயில் ‘வைபி’ ஆன நாளிலிருந்து ரெங்கம் ஊரில் ஒரு ரம்புத்தான் மரத்தோடு மல்லுக்கட்டுகிறார். ஜெயித்ததே மயிரிழையில். இந்தத் தாமான் குடியிருப்பு கைவிட்டால் அடுத்த தேர்தலோடு அவர் கதை முடிந்தது.

முதல் தடவை வந்தபோது கிளையை வெட்டச் சொன்னார். அது வெள்ளையம்மாவின் கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. அடுத்த தடவை கூட்டை நகர்த்தச் சொன்னார். நகர்த்திய இடம் செல்லப்பனின் ஜன்னலுக்கு நேர் கீழே. சேவல் அவரைத் தூங்கவிடவில்லை. இப்போது வேர். வரும் வழியெல்லாம் அடித்த புதுத் தார் வாடையில் தலைவலி வேறு.

“பேசாம மரத்தையே வெட்டிடலாமா?” என்றார் ரூபேந்திரன், ஆற்றமாட்டாமல்.

“அலமாக்! மரத்த வெட்டுறதா?” என்று பதறினார் வெள்ளையம்மா. “பழத்துக்கு நாங்க எங்க போறது?”

“அதான லா! அவங்க பேரப்பிள்ளைங்க என்னத்த சாப்பிடும்?” என்று சீறினார் செல்லப்பன்.

சாட்சி பல்டி அடிப்பதை ரூபேந்திரன் பார்த்திருக்கிறார். வாதியும் பிரதிவாதியும் சேர்ந்துகொண்டு நீதிபதி மேல் பாய்வதை இன்றுதான் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. அழுகையே வரும்போல் இருந்தது.

“என்னால முடியல. நான் லோயராவே இருந்திருக்கணும். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க வைபி!” இரண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். “அடுத்த வாரமும் நீங்க கட்டாயம் வரணும்!”

“எதுக்குங்க? நான் வந்து என்னத்தத் தீர்த்தேன்?”

தேநீரோடு வந்தாள் செல்லப்பனின் மருமகள் தேன்மொழி. மாமனார் கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவே இல்லை.

“நீங்க வர்றீங்கன்னாதான் வைபி, நகராண்மைக் கழக ஆளுங்க முதல் நாளே ஓடியாந்து ரோட்டுக்குத் தார் போடுறாங்க, லைட்டு மாட்டுறாங்க. பின்சந்துல லோங்காங் சாக்கடை இன்னும் அடைச்சு நாறுது, அதான் அடுத்த வாரச் சண்டைய அங்க எங்க சித்தி வீட்டுல வச்சிருக்கோம்!”