நிறுத்தினால் அடிக்கும் மணி

ஒழுங்காக வேலை செய்யும் எதையும் மேலும் ஒழுங்காக்கப் போகக்கூடாது. இந்த ஞானம் எனக்குக் கொட்டாஞ்சேனைக் கோயில் ஒன்றில், தீபாராதனை நேரத்தில், ஊரே பார்த்திருக்கக் கிடைத்தது.

கோயிலின் மின்சார மணி மேளத்துக்கு லினக்ஸ் கேர்னலில் டிரைவர், அதாவது கணினியிலிருந்து கருவியை இயக்கும் மென்பொருள், எழுதும் பொறுப்பு என்னுடையது. (கார் ஓட்டுகிறவர் இல்லை என்று அம்மாவுக்கு விளக்கவே ஒரு வாரம் போனது.) "இது சரிவந்தால் அடுத்த டிரைவரும் உமக்குத்தான்" என்றிருந்தார் முதலாளி. எப்படியாவது பெயர் எடுப்பதென்று வெறியோடு இருந்தேன்.

திரையில் பட்டனைத் தொட்டால் டிரைவருக்கு ஓர் எண் போகும். ஸ்டொப் பூச்சியம், ட்ரம் ஒன்று, பெல் இரண்டு. எந்த எண்ணுக்கு என்ன வேலை என்று இரு பக்கத்துக்கும் சொல்வது ஹெடர் கோப்பு. அந்த வரிசை என் கண்ணை உறுத்தியது. ஆங்கில அகர வரிசையில் அடுக்கினேன்: பெல், ட்ரம், ஸ்டொப். பெல்லும் ஸ்டொப்பும் எண் மாறிக்கொண்டன. என் சோதனைப் புரோகிராமைப் புதிதாகக் கட்டிப் பார்த்தேன், அருமையாக அடித்தது. புது டிரைவரைக் கோயிலில் ஏற்றினேன். கோயில் திரையில் இருந்ததோ பழைய எண்களை நம்பிய பழைய புரோகிராம். அது என் நினைவிலேயே இல்லை.

தீபம் காட்டினார்கள். பெல்லை அழுத்தினேன். சத்தமில்லை. ஸ்டொப்பை அழுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்று நினைத்தேன். மணி கணகணவென்று அடித்தது. பெருமையாக நிமிர்ந்தேன்.

தீபாராதனை முடிந்தது. மணி முடியவில்லை. ஸ்டொப், ஸ்டொப் என்று அழுத்தினேன். குருக்கள் மந்திரத்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, நிக்குதில்லை?" என்றார் பரிபாலன சபைத் தலைவர். "வயரைக் கழட்டுவமோ?"

"வேண்டாம் அங்கிள்." வயரைக் கழற்றினால் அடுத்த டிரைவரும் கழன்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தேன். ஹெடர் நினைவுக்கு வந்தது. "பெல்லை அழுத்தினா நிக்கும்."

தலைவர் என் கையைப் பிடித்தார். "ஏன் பிள்ளை, இருக்கிற மணி காணாதோ, இன்னும் வேணுமோ?"

மற்றக் கையால் அழுத்தினேன். சட்டென்று அமைதி. கூட்டத்தில் நின்று மணிச் சத்தத்துக்கு மேலால் பக்கத்து ஃபிளாட் அன்ரிக்குக் கத்திக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மட்டும் மிச்சம்: "சீச்சீ, இந்த மணிக்கும் எங்கட பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!"

அன்று பின்னேரமே பழைய வரிசையைத் திருப்பிப் போட்டேன். அடுத்த டிரைவரும் கிடைத்தது. ஹெடரை மட்டும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.

இன்றும் வெள்ளவத்தை வீட்டில் அம்மா ஃபோனில் கதைக்கத் தொடங்கி ஓயாவிட்டால், அப்பா என் பக்கம் திரும்புவார்.

"பிள்ளை, அந்தப் பெல்லை ஒருக்கா அழுத்து."

"இந்த மணிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அப்பா" என்பேன். அம்மா உடனே ஃபோனை வைத்துவிடுவார்.