ஹப்சிகுடாவில் முழங்கால் அளவு பனி

ஒருவருடைய பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். மாட்டிக்கொண்டபோது பழியை ஒரு பெண்ணின் தலையில் போட்டேன். இரண்டும் நான் செய்த தப்புகள். வாலிபக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில் எடுத்தது இந்தப் பெயர்.

ஹைதராபாத்தில், குஷாய்குடா பக்கம் ஒரு மின்னணு ஆலையில் எனக்கு நீண்டகால வேலை. வெளிநாட்டிலிருந்து வரைபடம் வரும். அதன் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும்: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். அந்தக் கட்டத்தின் மேல் எங்கள் கட்டத்தை ஒட்டி நகல் எடுத்துவிட்டால் வரைபடம் இந்தியக் குடியுரிமை பெற்றுவிடும். இதற்கு இண்டிஜனைசேஷன், அதாவது சுதேசியாக்கல், என்று பெயர். (ஆலை அதற்கெல்லாம் முறையாக உரிமை வாங்கியிருந்தது. எனக்குத்தான் கோந்து மட்டும் நினைவில் நின்றுவிட்டது.)

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஹப்சிகுடாவில் ஒரு மாடியில் கம்பெனி ஆரம்பித்தேன். ஊரே மென்பொருள் மென்பொருள் என்று பறந்துகொண்டிருந்த காலம். ராசிக்காக என் மனைவி மரகதத்தை இயக்குநர் ஆக்கினேன். நாங்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. பால் குளிரூட்டும் தொட்டியில் மாட்டிவிட்டால், கரண்ட் போய்ப் பால் சூடேறும்போது அது தானாகவே செல்போனுக்குச் செய்தி அனுப்பும். முதல் சோதனையை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் செய்தோம். கதவைத் திறந்து வைத்தேன். சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. ஃபிரிட்ஜ் எனக்குக் கடிதம் போட்டுவிட்டது! கூடத்தில் குதித்தேன். மரகதம் வந்து கதவை மூடிவிட்டு, "தயிர் புளிக்குதுங்க" என்றாள்.

அந்தப் பெட்டியின் மூளை பெனிட்டா. நாகர்கோவில் பெண். அமீர்பேட்டில் ஏதோ கோர்ஸ் முடித்துவிட்டு அங்கேயே ஹாஸ்டலில் இருந்தாள். பெட்டிக்குள் இருந்து செய்தி அனுப்பும் மோடத்தோடு பேசுவதற்கு நாமே புதிதாக நிரல் எழுத வேண்டாம், உலகத்தில் யாரோ எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு வாரம் உரிமங்களாகப் படித்துவிட்டு, கண் மின்ன வந்தாள்.

"சார், ரெண்டு கோட் கிடைச்சிருக்கு. ரெண்டும் நல்லதாக்கும். முதல் ஆளு என்ன சொல்லுகாருன்னா, பெட்டியை யாருக்கு வித்தாலும் கோட் எல்லாத்தையும் சேத்துக் குடுக்கணும். நாம மாத்தி எழுதினதையும் குடுக்கணும்."

"அப்ப நம்ம ரகசியம்?"

"அதான் அது வேண்டாம்னு வச்சேன். ரெண்டாவது ஆளு பின்லாந்துக்காரர், பெக்கான்னு பேரு. விக்கலாம், மாத்தலாம், ரகசியமாட்டும் வச்சுக்கலாம். மேல இருக்க எம்பேரையும் நாலு வரியையும் மட்டும் எடுத்துராதீங்கன்னு சொல்லுகாரு."

"பைசா?"

"வேண்டாம் சார்."

"பின்ன எதுக்கும்மா குடுக்கறான்?"

"சந்தோசத்துக்கு சார்."

எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. சந்தோசத்துக்கு எங்கள் ஆலையில் தனிப் பிரிவு கிடையாது.

டென்மார்க்கிலிருந்து ஒரு நிறுவனம் எங்கள் பெட்டியைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் முதல் வெளிநாட்டு ஆர்டர்! கம்பெனி நிற்பதும் விழுவதும் அதில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அமர்ந்து நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பெக்கா. நம் பெட்டியில் இவனுக்கு என்ன வேலை? கை தானாகக் கோந்தைத் தேடியது. பெக்காவின் பெயரையும் நாலு வரியையும் நீக்கினேன். எல்லாக் கோப்புகளிலும் என் கட்டத்தை ஒட்டினேன். தயாரித்தவர்: பெனிட்டா. சரிபார்த்தவர்: மரகதம். (அவள் சரிபார்ப்பது பால் கணக்கு மட்டும்தான்.) ஒப்புதல் அளித்தவர்: ப. சண்முகசுந்தரம்.

மறுநாள் பெனிட்டா அதைப் பார்த்து முகம் வெளுத்தாள். "சார், அந்த மனுஷர் கேட்டதே அது ஒண்ணுதான் சார்."

"நீ சின்னப் பொண்ணு. இதெல்லாம் இண்டிஜனைசேஷன்."

"மத்தவங்க பேரை அழிக்கது நல்லால்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

டென்மார்க்கிலிருந்து வந்தவர் கிர்ஸ்டன் என்ற பொறியாளர். மரகதம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உஸ்மானியா பிஸ்கட், டீ, மல்லிகைப்பூ எல்லாம் தயார். பெட்டியை ஐஸிலிருந்து வெளியே எடுத்தோம். கிர்ஸ்டனின் போன் கிணுகிணுத்தது. அவர் கைதட்டினார். நான் மனத்துக்குள் கோபன்ஹேகனில் கிளை திறந்துவிட்டேன்.

"உள்ளே யாருடைய நிரல் இருக்கிறது? என்ன உரிமம்? பார்க்கலாமா?" என்றார்.

"எல்லாம் எங்களுடையதுதான்!" என்று திரையில் திறந்து காட்டினேன். அவர் என் கட்டத்தைப் படித்தார். கீழே போனார். இன்னும் கீழே போனார். எனக்குத் தெரியாத ஒரு ரகசியம் அங்கேதான் இருந்தது. நிரலுக்கு நடுவிலும் எழுதியவர்கள் தங்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பார்கள். தலையை மட்டும் மாற்றிய நான் வயிற்றைப் பார்க்கவில்லை. கிர்ஸ்டன் நிதானமாக ஆங்கிலத்தில் வாசித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இந்தப் பகுதியைப் பிரசவ ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே முழங்கால் அளவு பனி. என் மகள் லீனா இப்போதுதான் பிறந்தாள். மனைவி தூங்குகிறாள். எழுந்து இந்தக் கணினியைப் பார்த்தால் என்னைக் கொன்றுவிடுவாள். இங்கே பிழை இருந்தால் அதற்குக் காரணம் மகிழ்ச்சி."

கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினார். "வாழ்த்துகள், மிஸ்டர் சண்முகசுந்தரம். ஹைதராபாத்தில் எந்த வருடம் முழங்கால் அளவு பனி பெய்தது?"

மரகதத்துக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். "ஏங்க, யாருங்க லீனா?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் விரல் தானாக நீண்டு, கோப்பின் தலைக்குத் திரும்ப ஏறி, என் கட்டத்தைக் காட்டியது. "நான் ஒப்புதல் கொடுத்ததோடு சரி. தயாரித்தது பெனிட்டா!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அத்தனை பேரும் பெனிட்டாவைப் பார்த்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண். அவள் எழுந்து நின்றாள்.

"சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல்ல."

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். மரகதம் திரையில் தன் பெயரையும் பார்த்துவிட்டாள். "இதை நான் எப்பங்க சரிபாத்தேன்?" என்று கேட்டுவிட்டு அவளும் எழுந்தாள். கிர்ஸ்டன் மடிக்கணினியை மூடினார். "நல்ல பெட்டி. ஆனால் நான் திரும்பிப் போனதும் கேட்பார்கள்: எழுதியவர் பெயரையே எடுத்தவர் வேறு எதையெல்லாம் எடுத்திருப்பார்?" ஆர்டர் அந்த வாசல் வழியாகவே போனது.

அன்று சாப்பிடும்போது மரகதம் நடந்ததைச் சொன்னாள். எங்கள் மகள் நிவேதா உள்ளூர்ப் பள்ளியில் படித்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "நாக்கு செல்லெலு உந்தா, டாடி?" என்றாள். (எனக்குத் தங்கச்சி இருக்காளா அப்பா என்று அர்த்தம்.) மரகதம் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இனி ஹாஸ்டல்ல எப்படி நிமிந்து நடக்கும்? போய் மன்னிப்புக் கேளுங்க. நானும் வரேன்."

மறுநாள் அமீர்பேட். பெண்கள் ஹாஸ்டலுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்பு விளம்பரத் தட்டிகளுக்கு நடுவில் வெயிலில் நின்றேன். பெனிட்டா இறங்கி வந்தாள். தெருவிலேயே, நாலு மாணவர்கள் வேடிக்கை பார்க்க, "தப்பு என்னுதும்மா. நீ சொன்னே, நான் கேக்கல" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் மரகதத்திடம் பேசினாள். "அம்மா, பெக்கா பேரை முதல்ல இருந்த இடத்துல வைக்கச் சொல்லுங்க. டென்மார்க் மேடத்துக்கும் பெக்காவுக்கும் யார் செஞ்சதுன்னு சாரே எழுதணும். அப்புறமாட்டு வாறேன்."

அப்படியே எழுதினேன். கிர்ஸ்டன் நன்றி சொல்லி ஒற்றை வரி அனுப்பினார். ஆர்டரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பெக்காவின் பதிலும் சின்னதுதான்: "என் பிழைகளுக்குக் காரணம் மகிழ்ச்சி. உங்கள் பிழைக்கு என்ன காரணம்?"

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். "பழக்கம், பிறகு பயம்" என்று எழுதினேன். லீனா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள் என்று பதில் வந்தது. கூடவே பனியில் நிற்கும் ஒரு சிறுமியின் படம். மரகதம் அதை ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினாள்.

பெனிட்டா திரும்பி வந்தாள். எங்கள் பால் நிரலையும் பெக்கா கொடுத்த அதே உரிமத்தில் உலகத்துக்குத் திறந்துவிடலாம் என்றாள். சரி என்றேன். அதற்கு எழுதியவர் என்று அவள் பெயர் மட்டும். என் பெயரையும் போடட்டுமா என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றேன். மனசில்லாமல்தான் சொன்னேன். கம்பெனி அடுத்த வருடம் மூடியது. பெனிட்டாவின் நிரலை எங்கோ படித்த ஒரு பெரிய நிறுவனம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. சில வருடங்கள் கழித்து, வேறு யாரோ செய்த பால் பெட்டியின் கையேட்டில், பொடி எழுத்தில் பெக்கா, அதற்குக் கீழே பெனிட்டா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். குதித்தேன். இந்த முறை தயிர் எதுவும் புளிக்கவில்லை.

வீட்டில் இன்றும் என் பெயர் 'லீனா அப்பா'தான். சாம்பார் நன்றாக இருக்கிறது, காய் நறுக்கியது நான் என்று வாயைத் திறந்தால் போதும்: "லீனா அப்பா, கட்டம் ஒட்டாதீங்க!"

நிவேதாவுக்குக் குழந்தை பிறந்த அன்று, தார்நாகா ஆஸ்பத்திரி நடையில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். கால் தரையில் படவில்லை. எல்லாரிடமும் பேரன் என்று சொல்லிவிட்டேன். பிறந்தது பேத்தி.

மரகதம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வேலை உருப்படியாச் செய்ய மாட்டீங்களா?"

"பிழைக்குக் காரணம் மகிழ்ச்சி" என்றேன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். "யார் எழுதினது?"

"பெக்கா."

"ஹவ், ஆமா. அப்படிச் சொல்லுங்க" என்றாள். போனை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தாள்.