மலாயா வாத்தியாரின் டிரங்குப்பெட்டி

நான் மலாயாவுக்குப் போனதில்லை. இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் வந்து என் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டால் ஒருவரும் காட்ட மாட்டார்கள். “மலாயா வாத்தியார் வீடு” என்றால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் போய், எங்க தாத்தா கப்பல்ல போனவரு என்று வேறு அளந்துவிட்டு வந்திருக்கிறாள். நான் கப்பலைப் பார்த்ததே வட்டக்கோட்டை மதில்மேல் நின்றுதான். அதுவும் தூரத்தில் போனது கப்பலா, பாய்மரத் தோணியா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது? எல்லாம் என் அப்பாவால் வந்தது. (கொஞ்சம் என்னாலும் வந்தது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.)

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆறாம் பாரம் தேறி, வாத்தியார் பயிற்சியும் முடித்துவிட்டு, மார்த்தாண்டத்துக்கு மேற்கே எங்கள் ஊரில் (மார்த்தாண்டத்துக்கு அப்போது தொடுவெட்டி என்றுதான் பெயர்) வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் எங்கள் சபைப் போதகர் ஒரு செய்தி கொண்டுவந்தார். பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். ஆள் எடுப்பதற்கு ஒரு துரை அடுத்த மாதம் நாகர்கோவிலுக்கு வருகிறாராம்.

“பரீட்சை எல்லாம் ஒண்ணும் கெடையாது, ஞானமுத்து. தொரைக்க முன்னால ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டணும். பொருளக் காட்டணும், செஞ்சு காட்டணும், இங்கிலீஷுல சொல்லணும். இதாக்கும் புது முறை. ஒரு தமிழ் வார்த்தை வாயில வந்துதுன்னா, அம்புட்டுதான், வீட்டுக்கு வந்துரலாம்” என்றார் போதகர்.

அன்றிலிருந்து நான் தமிழை விட்டேன். விடிந்ததும் வாழைத்தோட்டத்துக்குப் போய் வாழைகளுக்கு குட் மார்னிங் சொல்வேன். ஆட்டுக்குட்டியை நிறுத்தி வைத்து அதன் காது, கால், வால் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் பெயர் சொல்லிக்கொடுப்பேன். ஆடு என்னைவிடப் பொறுமைசாலி. மலாயாவில் முள்கரண்டியில்தான் சாப்பிட வேண்டும் என்று யாரோ சொல்ல, கொல்லனிடம் சொல்லி இரும்பில் ஒன்று அடித்து வாங்கினேன். அவர் வைக்கோல் வாரும் கருவிதான் செய்து பழகியவர். அதையே கொஞ்சம் சின்னதாகச் செய்து கொடுத்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தின்ன முயன்று, கீழ் உதட்டைக் குத்திக்கொண்டு, நான்கு நாள் கஞ்சி மட்டும் குடித்தேன்.

“மக்ளே, மலாயாவுல உள்ளவங்களுக்குக் கை கெடையாதா?” என்று கேட்டாள் அம்மா.

நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இனி அப்பா. அவருக்குச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம். ஆனால் காய்த்த குலையை விலை பேசுகிற ஆள் இல்லை அவர். வாழை குலை தள்ளுவதற்கு முன்பே தோட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, மரத்தைத் தட்டிப் பார்த்து, அச்சாரம் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அது அவர் தொழில் செய்கிற முறை. அதை வாழையோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு துன்பமும் வந்திருக்காது.

நாகர்கோவிலுக்குப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கோயிலில் ஆராதனை முடிவில் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிப்பார்கள். பிள்ளை பிறந்தால், காய்ச்சல் குணமானால், வேலை கிடைத்தால், கவரில் காணிக்கை வைத்து மேலே காரணத்தை எழுதிப் போடுவது வழக்கம். போதகர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். ஒரு கவரை எடுத்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“மகன் ஞானமுத்துக்கு மலாயா தேசத்தில் ஆங்கில ஆசிரியர் உத்தியோகம் கிடைத்ததற்காகத் தகப்பனார் செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை.”

என் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. போதகர் என்னைப் பாவமாக ஒரு பார்வை பார்த்தார். கவரில் எழுதியதை வாசிப்பதுதானே அவர் வேலை, அவரைச் சொல்லி என்ன பயன்?

வெளியே வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். (தமிழில்தான். அந்த அவசரத்தில் ஆங்கிலம் எங்கே வரும்?)

“அப்பா, இன்னும் நான் தொரையக்கூடப் பாக்கல்லியே!”

“எலே, குலை தள்ளுகதுக்கு முந்தியே நான் அச்சாரம் குடுக்கல்லியா? என்னைக்காவது குலை வராம இருந்திருக்கா?”

“அது வாழைல்லா!”

“நீ என்ன வாழையவிடக் கொறஞ்சவனாலே?” என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார்.

அவ்வளவுதான். நான் பாஸானாலும் ஃபெயிலானாலும் ஊர் என்னை மலாயாவுக்கு அனுப்பிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் நான் மட்டும் அவமானப்பட்டால் போதாது. ஆண்டவர் முன்னால் பொய்க் காணிக்கை போட்டவர் என்று அப்பாவும் அவமானப்பட வேண்டும். இதற்குள் சாமான்கள் வர ஆரம்பித்துவிட்டன. அக்கரைக்குப் போகிறவனிடம் அங்கே இருக்கிற சொந்தக்காரர்களுக்குப் பொட்டலம் கொடுத்தனுப்பாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. அதில் பெரிய கை எதிர்வீட்டுத் தாசம்மை மாமி. அவளுடைய மகன் பினாங்கில் வேலையாக இருந்தான். மருமகளுக்கு அங்கே பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“மாமி, நான் கப்பலுக்குப் போகல்ல. நாகர்கோவிலுக்குப் பரீச்சைக்குப் போறேன்” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“அதெல்லாம் செரி மக்ளே. கப்பலு என்னைக்கு?” என்றாள் மாமி.

என் கவனமெல்லாம் என் டிரங்குப்பெட்டியில் இருந்தது. துரை முன்னால் காட்டுவதற்குப் பன்னிரண்டு பொருள் சேர்த்து வைத்திருந்தேன். பந்து, மணி, முகம் பார்க்கும் கண்ணாடி, மரப்பொம்மை, மண்ணில் செய்த பசு, இப்படி. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாக்கியம் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பசுவைப் பற்றி நான் பிழையில்லாமல் பேசுவேன்.

குறித்த நாளில், போதகரின் கோட்டையும் பூட்ஸையும் இரவல் வாங்கி மாட்டி, தலைப்பாகையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்பாவும் கூட வந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தவர் பாதி வழியில் மூச்சு வாங்கினார்.

“எலே, இதுக்குள்ள என்னத்த வச்சிருக்க? கழுத்து ஒடியுது!”

“படிப்புல்லா அப்பா. அது கனக்கத்தான் செய்யும்” என்றேன் நான். நாக்கில் என்ன சனி இருந்ததோ!

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது பையன்களை உட்கார வைத்திருந்தார்கள். பின் பெஞ்சில் துரை நோட்டுப் புத்தகத்தோடு இருந்தார். எனக்கு முன்னால் அருமனையிலிருந்து வந்த ஸ்டீபன் என்ற ஒருவன் ஒரு மாவிலையையும் ஒரு பென்சிலையும் வைத்து வகுப்பு எடுத்தான். அவன் பேசியது முன் பெஞ்சுக்கே கேட்கவில்லை. துரைக்குக் கண் சொருகிவிட்டது. இவனா எனக்குப் போட்டி என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

என் முறை வந்தது. குட் மார்னிங் பாய்ஸ் என்றேன். பையன்கள் கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பெட்டியைத் திறந்தேன்.

முதலில் வந்தது வாசனை. நெத்திலிக் கருவாடு!

பந்து இல்லை, மணி இல்லை, என் அருமைப் பசுவும் இல்லை. கருவாடு, கருப்பட்டி, ஒரு பரணி ஜாடி நிறையப் பேறுகால லேகியம், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அம்மிக்குழவி. (மலாயாவில் நல்ல குழவி கிடைக்கவில்லை என்று மருமகள் எழுதியிருந்தாளாம்.) நான் அப்படியே கப்பலேறிவிடுவேன் என்று நினைத்து அம்மாதான் சாமானை மாற்றி வைத்திருக்கிறாள். “பந்தும் பொம்மையும் அங்க கெடைக்காதா மக்ளே? தாசம்மைக்க சாமானம் கெடைக்குமா?” என்று பின்னால் என்னிடமே கேட்டாள்.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்பாவின் காணிக்கைக் கவர் கண் முன்னால் வந்தது. கருவாட்டைக் கையில் எடுத்தேன்.

“திஸ் இஸ் எ ஃபிஷ். தி ஃபிஷ் இஸ் டெட்.”

“தி ஃபிஷ் இஸ் டெட்!” என்று நாற்பது பேரும் மகிழ்ச்சியோடு கத்தினார்கள். துரை ஏதோ எழுதிக்கொண்டார். கருப்பட்டியை எடுத்து பிளாக் ஷுகர் என்றேன். ஆளுக்கொரு துண்டு உடைத்துக் கொடுத்ததும் ஸ்வீட், வெரி ஸ்வீட் என்று தாமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. லேகியப் பரணியைத் தூக்கி, மெடிசின் என்றேன்.

துரை ஆர்வமாகி, எந்த நோய்க்கு மருந்து என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காய்ச்சலுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இன்றைக்குப் பினாங்கில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. பேறுகாலத்துக்கு ஆங்கிலம் தெரியவில்லை. தெரியாவிட்டால் செய்து காட்ட வேண்டும், அதுதானே புது முறை! கோட்டுக்குள் தலைப்பாகைத் துணியைச் சுருட்டித் திணித்து வயிறு வைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு “ஓ! ஓ!” என்று முனகினேன். கடைசியில் துணியை வெளியே உருவிக் கையில் ஏந்திக் குழந்தை மாதிரி அழுதேன். பிறகு லேகியத்தில் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டுச் சிரித்தேன்.

நல்ல மாணவர்கள்! நான் செய்ததையெல்லாம் அவர்களும் செய்தார்கள். நாற்பது பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு “ஓ! ஓ!” என்று முனகியதில் பக்கத்து வகுப்பு வாத்தியார் பதறிப்போய் ஓடி வந்தார். துரை முகம் சிவந்து கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மனம் உருகிவிட்டார் என்றே நான் நினைத்தேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஹெவி’ என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் வேலை நிச்சயம் என்று தோன்றியது. அம்மிக்குழவியை ஒரு கையால் தூக்கினேன். விரலில் லேகிய நெய். குழவி வழுக்கி, போதகரின் பூட்ஸுக்கு உள்ளே இருந்த என் கால்மேல் விழுந்தது.

கண்ணில் பூச்சி பறந்தது. ஆனாலும் என் வாயிலிருந்து வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், “ஓ! மை டியர் ஃபுட்!”

“ஓ! மை டியர் ஃபுட்!” என்றது வகுப்பு. துரை எழுந்து நின்று கை தட்டினார்! ஒரு தமிழ் வார்த்தை இல்லை! நான் கப்பலில் ஏறிவிட்டேன்!

அந்த நேரத்தில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அப்பாவின் முகம் தெரிந்தது.

“எலே ஞானமுத்து! அது தாசம்மைக்க கொழவியாக்கும்! ஒடஞ்சு போச்சா?”

என் காலைக் கேட்கவில்லை, குழவியைக் கேட்டார். ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த தமிழ் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பியது.

“எனக்க காலு சதஞ்சு கெடக்குது, ஒங்களுக்குக் கொழவியா பெரிசு? ஆனாலும் இப்பிடியும் உண்டா ஒரு அப்பா? ஒங்கள ஆரு காணிக்கை போடச் சொன்னா?”

வகுப்பு ஒரு கணம் யோசித்தது. பிறகு நாற்பது பேரும் விரலை நீட்டி ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்கள்:

“ஒங்கள ஆரு காணிக்கை போடச் சொன்னா!”

துரை என் அருகில் வந்து தோளில் கை வைத்தார். அவருக்குத் தமிழ் தெரியும். அதுவும் பிரசங்கத் தமிழ். “தம்பி, நீர் மிகவும் சந்தோஷமாய்ப் போதித்தீர். ஆனாலும் நிபந்தனை நிபந்தனையே. மேலும், உம்முடைய தகப்பனார் வகுப்பிலே மிகுதியாய்ப் பேசுகிறார்” என்றார்.

வேலை ஸ்டீபனுக்குப் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அப்பா குழவியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வந்ததும் மெதுவாக, “கொழவிக்கு ஒண்ணும் ஆகல்ல மக்கா” என்றார். அது அவர் ஆறுதல் சொல்கிற விதம் என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு கோயிலில் உண்மையைச் சொல்லிவிடும்படி கெஞ்சினேன். அப்பா அசையவில்லை. “குடுத்த காணிக்கையத் திருப்பிக் கேக்கியதா? நாணக்கேடு! அச்சாரம் போட்டாச்சு. ஆண்டவருக்கு எப்ப மனசு வருதோ, அப்ப குலை வரட்டு” என்றுவிட்டார். அந்த டிரங்குப்பெட்டியை நொண்டிக்கொண்டே நான்தான் அருமனைக்குக் கொண்டுபோய் ஸ்டீபனிடம் கொடுத்தேன். அவன் நல்லவன், பாவம். குழவியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனான். மூன்று மாதம் கழித்து மருமகளிடமிருந்து கடிதம் வந்தது: பெண் குழந்தை, லேகியம் நன்றாக இருந்தது, குழவி ரொம்ப நன்றாக இருந்தது, கருப்பட்டி மட்டும் குறைகிறது.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரானேன். ஊர் எனக்கு மலாயாப் பட்டத்தைக் கொடுத்தது. எங்கள் வீட்டில் யாராவது நடக்காத காரியத்துக்கு முன்கூட்டியே குதித்தால், “காணிக்கை போட்டாச்சா?” என்று கேட்பது இன்றும் வழக்கம். என் மனைவி அதை என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

நான் ஓய்வு பெற்றபோது கோயிலில் பாராட்டு நடந்தது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த போதகர். யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருந்ததைக் கணீரென்று வாசித்தார்: “மலாயா தேசத்தில் பல்லாண்டுகள் ஆங்கிலம் போதித்துத் திரும்பிய நமது ஞானமுத்து ஐயா அவர்கள்...”

சபை முழுவதும் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திருத்திச் சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன்.

முன் பெஞ்சில் அப்பா இருந்தார். எண்பது தாண்டிவிட்டது, காது பாதிதான் கேட்கும். மலாயா என்ற வார்த்தை மட்டும் எப்படியோ விழுந்திருக்கிறது. முகமெல்லாம் வாயாகத் திரும்பி, கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“பாத்தியாலே மக்கா, குலை வந்துட்டுல்லா! நான் அன்னைக்கே போட்டேன்!”

நான் உட்கார்ந்துவிட்டேன்.