பேரை மட்டும் பார்த்த காவல்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். யார் எந்தப் பொந்தில் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு ஃபைல். அதை ஏன் போய் எழுதிவைத்தார்கள் என்று கேட்காதீர்கள். எழுதிவைத்தார்கள்.

முயலின் ஃபைலை நரி திறக்கக் கூடாது. அதற்காக கம்ப்யூட்டரின் அடியில் ஓடும் கெர்னல் என்ற மூல புரோகிராமிலேயே ஒரு காவல் இருந்தது. ஆனால் அது ஃபைலைப் பார்க்காது, ஃபைலின் பேரைத்தான் பார்க்கும். நரி அதே ஃபைலுக்கு ‘பூசணி’ என்று இன்னொரு பேர் வைத்தது. பூசணியைத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காவல் வழிவிட்டது.

முயல் தன் வாசலில் நரியின் காலடியைப் பார்த்துவிட்டு, புரோகிராம் எழுதும் கீரியிடம் ஓடியது.

“கீரி அண்ணே, குட்டிங்க இருக்கு. வீடு மாறினா அதையும் ஃபைல்ல ஏத்தணும். நரி அங்கயும் வரும்.”

கீரி உள்ளே பார்த்தது. “எந்த லூசு எழுதினது இது?” உட்கார்ந்து திருத்தியது. இனி எந்தப் பேரில் கேட்டாலும், அது யாருடைய ஃபைல் என்று பார்த்துத்தான் காவல் விடும்.

ஆனால் கெர்னலில் எதைச் சேர்க்கவும் யானை சம்மதிக்க வேண்டும்.

“தம்பி, வரி ஆரம்பத்துல ஸ்பேஸ் அடிச்சிருக்கே. இங்க டேப் கீதான் அடிக்கணும்.”

கீரி மாற்றி அனுப்பியது.

“ரெண்டு வேலையை ஒண்ணா வச்சிருக்கே. பிரிச்சு அனுப்பு.”

“யானை அண்ணே, நரி வாசல்ல நிக்குது!” என்று முயல் கத்தியது.

“அவசரப்பட்டு கெர்னல்ல கை வைக்கக் கூடாதும்மா. ஏதாவது ஆயிட்டா?”

கீரி பிரித்து அனுப்பியது. யானைக்குத் திருப்தி. “இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு. சரி, சோதிச்சது யாரு? முயலைக் கூப்பிடு.”

முயல் இல்லை. குட்டிகளும் இல்லை.

வேறு யாருக்கும் அந்த ஓட்டை பழக்கமில்லை என்பதால் நரியைக் கூப்பிட்டார்கள். அது வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தது. திறக்கவில்லை.

“பிரமாதம். என்னாலயே முடியல. என் பேரைப் போட்டுக்கங்க.”

யானை திருத்தத்தைச் சேர்த்தது. அடியில் வழக்கப்படி எழுதியது: புகார் சொன்னது முயல், திருத்தியது கீரி, சோதித்தது நரி.

“பார்த்தியா,” என்றது கீரியிடம், “எல்லாரும் சேர்ந்தா எதையும் முடிக்கலாம்.”

நீதி: பூட்டு சரியாக இருக்கிறதா என்று சாப்பிட்டு முடித்த நரியிடம் கேளுங்கள். பொய் சொல்ல அதற்கு ஒரு காரணமும் இல்லை.