டமாரம் எடுத்த ஊமைப் படம்

டமாரம் என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம்; காவேரிக்கு இந்தப் பக்கம் அவரைவிடச் சத்தமாக வாழ்ந்தவர் எவருமில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் டிரில்லர். ஆறு நாள் பாறையைக் குடையும் இரைச்சல். ஏழாம் நாள் பஸ் ஏறி சேலம் அம்மாபேட்டைக்கு வந்து, எங்கள் தறிக்கொட்டகையில் டிரம்ஸ் முன்னால் உட்காருவார். எழுபதுகள் முடிகிற சமயம். கிடார் நான், பாட்டு சீனு, இடி அவர். எங்களை ராக் குழு என்று நாங்கள் மூவர் மட்டுமே சொல்லிக்கொண்டோம்.

ராசிபுரத்தில் ஒரு காதுகுத்துக்கு வாசித்தோம். இரண்டாவது பாட்டிலேயே தாய்மாமன் மேடையேறி வந்துவிட்டார். "ஏனுங்க, ஆசாரியை அனுப்பிச்சுறட்டுங்களா? நீங்களே குத்திப்போடுவீங்களாட்ட இருக்குது!" டமாரம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார். குழந்தை அழுதது. அப்புறம் பந்தலில் இருந்த எல்லாக் குழந்தைகளும் அழுதன. எங்களைப் பந்தியில் உட்காரவிடாமல் சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

"படம் எடுக்கோணுங்க," என்றார் டமாரம் ஒருநாள். கல்யாண ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி எட்டு எம்.எம். கேமரா ஒன்றை வாங்கி வந்திருந்தார். ஒரே ஒரு சுருள், மூன்று நிமிடம் ஓடும். "நம்ம பாட்டைத்தான் எடுக்கறோம். ஆனா மனுசன் ஒருத்தனும் தெரியக்கூடாது. சத்தம் பட்டு எதெது ஆடுதோ, அதை மட்டும்."

சீனு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அப்ப என் மூஞ்சி?"

"உங்க மூஞ்சிக்கு முன்னால மெழுகுவத்தி ஆடுமுங்க, சாமி."

"அண்ணே, இந்தக் கேமராவுல சத்தமே பதியாது!" என்றேன் நான்.

"தெரியுமுங்க."

கேமராவை என் கையில் கொடுத்தார். டிரம்மின் தோல்மேல் தூவிய அரிசி துள்ளியது. தறியில் பாவு நூல்கள் நடுங்கின. சீனு உச்சத்துக்குப் போனபோது மெழுகுவர்த்தி அணைந்தே போயிற்று. அன்று முழுக்க அவன் நடையே வேறு.

கடைசியாக ஒரு எருமைக் காது வேண்டும் என்றார். மோகனூர் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் எருமைக்கு வாசித்தோம். அது அசைபோட்டது, காதை மட்டும் அசைக்கவில்லை. திடீரென்று சர்க்கரை ஆலையின் சங்கு ஊதியது. எருமை இரண்டு காதையும் விடைத்து ஆட்டியது. டமாரம் குச்சிகளோடு குதித்தார்.

"பாத்தீங்களா! நம்ம அடிக்கு ஆட்டிப்போடுச்சு!"

"சங்குக்குத்தாண்ணே ஆட்டுச்சு!" என்றான் சீனு.

"எந்தச் சங்குங்க?"

அது இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

மெதுவாக மணலில் உட்கார்ந்தார். சேலத்துக் காது டாக்டர் முன்பே சொல்லிவிட்டாராம்: ஒன்று போயாயிற்று, மற்றது போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வாயசைவைப் பார்த்தே இத்தனை நாள் பேச்சைப் பிடித்திருக்கிறார். "முழுசாப் போனப்பறம், நம்ம பாட்டைப் பாத்துக்கலாம்னுதானுங்க..." எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் சீனு எருமையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவி வர இரண்டு மாதம். அதற்குள் மற்றக் காதும் போனது. போர் வண்டியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பின்னால் லாரி வந்தால் தெரியாதென்று தெருவில் சுவரை உரசியே நடந்தார், அவ்வளவு பெரிய மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டகை ஜன்னல்களில் போர்வை மாட்டி, சுவரில் வேட்டி கட்டி, படத்தை ஓட்டினோம். அரிசி எழும்பியது, விழுந்தது. நூல் நடுங்கியது. புரொஜெக்டரின் கிரகிரப்பைத் தவிர உலகத்தில் வேறு ஒலியில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் விரல்கள், அரிசியின் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு தட்டு, ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு முகம் சுளித்தார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்க. கொஞ்சம் கொறைங்க."

சீனு என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய், அந்த மிஷினில் இல்லவே இல்லாத சத்தக் குமிழை, ரேடியோவில் திருகுவதுபோல் பிடித்து, மெள்ளத் திருகினேன்.

"இப்பச் செரிங்க, சாமி."

படம் தீர்ந்து வெறும் வேட்டி தெரிந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.