கை இறங்காப் படலம்

வாழ்க, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்! ஸ்டீயரிங்கைக் கற்றுக்குட்டிகளிடமும் உயிரைக் கடவுளிடமும் ஒப்படைத்துவிட்டு, காலடியில் கிடக்கும் இரண்டாம் பிரேக் ஒன்றே துணையெனப் பக்கத்து இருக்கையில் ஆயுளைக் கழித்த அஞ்சா நெஞ்சர் வாழ்க! எதிர்வரும் லாரிக்கும் இமைக்காத அப்பெருந்தகை, சேர்ந்திசைக் குழுவின் முன்வரிசை ஓரத்தில், கஞ்சியிட்ட வெண்சட்டையும் கழுத்திறுக்கும் கருநீல டையும் புனைந்து நின்று, தம் சொந்த மூக்கோடு பொருத மாபெரும் போரைப் பாடப் புகுந்தோம். சொல்லின் தெய்வமே, முடிக்கும்வரை எமக்குத் தும்மல் வராமல் காத்தருள்க.

போருக்கு முன் பிறந்தது ஓர் ஆணை. ஒத்திகைக் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் நடுநடுங்க, அபசுரம் பொறாத செவியும் அடங்கியிராத நாவும் படைத்த பாட்டு டீச்சர் முழங்கினார்:

"கடைசி ஸ்வரம் முடிஞ்சதும் என் கை மேலேயே நிக்கும். அது இறங்குற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது. மேடையில தீப்பிடிச்சாலும் சரி! மாஸ்டர், உங்களுக்குத்தான் சொல்றேன். போன கச்சேரியில மச்சானைப் பாத்துக் கையாட்டினீங்க. இன்னொரு தடவை அசைஞ்சீங்க, குழுவுல உங்களுக்கு இடமில்ல."

மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்திகளை, "உங்க சம்பந்தி யாருன்னு கச்சேரி அன்னைக்கு வந்து பாருங்க" என்று வாய்நிறைய அழைத்து, முதல் வரிசையிலேயே இடமும் பிடித்துவைத்திருந்தார் மாஸ்டர். குழுவில் இடம் போனால் மானம் போகும். மானம் போனால் மனைவி அதை ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

வந்தது அந்நாள். நிறைந்தது அரங்கம். பெண்குரல்கள் அருவியாய்ப் பொழிய, ஆண்குரல்கள் அதை அரைமாத்திரை பிந்தித் துரத்த, பாட்டு ஒருவாறு கரைசேர்ந்தது. கடைசிச் சுரம் அடங்கியதும் டீச்சரின் வலக்கை கொடிக்கம்பம்போல் உயர்ந்து நின்றது. அக்கணமே, மாஸ்டரின் மூக்குநுனியென்னும் மலைச்சிகரத்தில், காலாட்படை குதிரைப்படையோடு வந்திறங்கினான் அரிப்பென்னும் அரக்கன். துடித்தெழுந்த கையைத் தொடையோடு சிறைவைத்தார் வீரர்; கோணிய உதட்டை நேராக்கினார்; இல்லாத பிரேக்கை வலக்காலால் ஓங்கி மிதித்தார். அரிப்பு நிற்கவில்லை.

கையும் இறங்கவில்லை. அது இறங்குமுன் கைதட்டுவது நாகரிகமன்று என்று நுழைவுச் சீட்டிலேயே அச்சிட்டிருந்தபடியால், கற்றறிந்த அவையோரும் மூச்சடக்கி வீற்றிருந்தனர். மௌனம் வளர்ந்தது; வளர வளர அது பெருங்கலை என்று அவையோர் உணரத் தலைப்பட்டனர். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது டீச்சரின் அசையா உதடுகளின் இடுக்கிலிருந்து கசிந்தது ஓர் ஓலம்:

"தோள் புடிச்சுக்கிச்சு... யாராவது வந்து கையை இறக்கி விடுங்களேன்..."

அந்தோ! கை இறங்காமல் எவரும் அசையலாகாது. எவரேனும் அசையாமல் கை இறங்காது. ஆணையை மீறாத ஆன்றோர் அத்தனை பேரும் செதுக்கிய சிலைகளாய் நின்றனர். டீச்சரின் கன்னத்தில் வழிந்த வலியின் நீரை, இசையின் ஈரமென்று எண்ணி அவை சொக்கிப்போனது.

மாஸ்டர் பார்த்தார். ஒருபுறம் இடம், மானம், சம்பந்தி. மறுபுறம் ஒரு பெண்மணியின் கண்ணீர், அத்துடன் மூக்கு. மனசு கேட்கவில்லை. "போனாப் போகுது போ!" என்று அண்டம் அதிர முழங்கி, ஆணையைக் கடந்து அடியெடுத்து வைத்தார். வைத்தவர் முதலில், அரக்கன் குலமே பூண்டற்றுப்போக மூக்கை ஆசைதீரச் சொறிந்தார். பிறகு, கணக்கற்ற கைப்பிரேக்குகளை இறக்கிப் பழகிய அக்கையால் டீச்சரின் மணிக்கட்டைப் பற்றி, பதமாக ஒரு தூக்குத் தூக்கி, இறக்கினார்.

"கடக்" என்றது தோள். எழுந்தது அவை, இடித்தது கைதட்டல், சம்பந்தியம்மா விரலை மடக்கி விசிலடித்தார். தோளைத் தேய்த்தபடி, நன்றி ததும்பும் விழிகளோடு, வீரர் பக்கம் திரும்பினார் டீச்சர்:

"ரொம்ப நன்றி மாஸ்டர். ஆனா கை இறங்குறதுக்கு முன்னாடி அசைஞ்சிட்டீங்களே."

அடுத்த கச்சேரிக்கு மாஸ்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார்.