'ஏற்கெனவே' சாரும் என் மூன்றடுக்கு ஸ்டீலும்

இந்த உலகத்தில் யாரும் எதையும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை என்று முழுமனதாக நம்பிய ஒரே மனிதர் கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில் குடியிருந்தார். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் 'ஏற்கெனவே' சார்.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டூல்ரூம் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். தொண்ணூறுகளில் கணபதியில் லேத் இல்லாத சந்து கிடையாது. லேத் இருக்கிற சந்தில் ஒரு விஞ்ஞானியாவது இருப்பார். சின்ன வெங்காயம் உரிக்கிற மெஷின், தானாகக் கவிழ்ந்து தானாக நிமிர்கிற கிரைண்டர் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு, பேட்டன்ட் வாங்க மெட்ராஸுக்கு ரயிலேறக் கிளம்புவார்கள். அதற்கு முன் சாரிடம் ஒரு தரம் காட்டிவிடுவது வழக்கம். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார். கட்டிலுக்கடியிலிருந்து பழைய கேட்டலாக் ஒன்றை உருவுவார். "இது ஏற்கெனவே இருக்குதுங்க" என்பார். வந்தவர் போய் டிக்கெட்டைக் கேன்சல் செய்வார்.

பக்கத்து வீட்டுக்காரர் தன் முதல் பேரனைத் தூக்கிவந்து காட்டியபோதும் சார் குழந்தையையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். "மூக்கு ஏற்கெனவே இருக்குதுங்க. காது வேணா புதுசு" என்றார்.

போன வாரம் என் மகள், பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டதாகவும் சொந்தமாக ஏதோ தொடங்கப்போவதாகவும் போனில் சொன்னாள். எனக்கு இன்னும் பயம்தான். ஆனால் திட்ட வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது.

நான் சாரிடம் போனபோது அவளுக்கு மூன்று வயது. மழை வந்தால் இளைப்பும் வந்துவிடும். நான் டிப்ளமா முடித்து ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த யோசனை வந்து தொலைத்தது.

லேத்தில் இரும்பைச் சீவும் டூல்பிட்டை ஹைஸ்பீட் ஸ்டீலில் செய்வார்கள். எவ்வளவு சூடானாலும் கூர் போகாது. ஆனால் மெல்லிசாக இருந்தால் பட்டென்று முறியும். நான் நடுவில் ஹைஸ்பீட் ஸ்டீல் தகடு, இரண்டு பக்கமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிற சாதா ஸ்டீல் என்று அடுக்கி, மூன்றையும் ஒன்றாகப் பற்றவைத்துவிட்டேன். வெட்டுகிற வேலை நடுவில் இருப்பதற்கு, அடி வாங்குகிற வேலை பக்கத்தில் இருப்பவற்றுக்கு. முறியவில்லை.

பேட்டன்ட் கிடைக்கும் என்று சார் சொன்னால் வேலையை விட்டுவிட்டுப் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடிப்பது. கிடைக்காது என்றால் வாயை மூடிக்கொண்டு ஷிப்டுக்குப் போவது. இதுதான் நானும் என் மனைவியும் பேசிவைத்தது.

சார் என் டூல்பிட்டைக் கையில் வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். கேட்டலாக்கை உருவினார். இன்னொன்றை உருவினார். கட்டிலுக்கடியில் இருந்ததெல்லாம் வெளியே வந்த பிறகு, "ஒரு வாரம் டைம் குடுங்க தம்பி" என்றார். கணபதி வரலாற்றில் அது நடந்ததில்லை.

மூன்றாம் நாள் பேக்கரிக்கு வரச்சொன்னார். மேஜையில் ஒரு தேங்காய் பன்னைக் குறுக்கே அறுத்து வைத்திருந்தார்.

"நடுவுல ஒரு சரக்கு. மேலயும் கீழயும் வேற சரக்கு. மூணும் ஒட்டியிருக்குது. கொள்கை ஒண்ணுதானுங்களே?"

"சார், பன்னு இரும்பை வெட்டுமாங்க?"

அவர் பன்னின் அறுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து, 'பன் இரும்பை வெட்டாது. ஆட்சேபணை நீக்கம்' என்று எழுதித் தேதி போட்டார். பன்னை இரண்டு பேரும் தின்றோம்.

அடுத்து சாருக்கு, அரிவாளின் வெட்டுவாயில் உருக்கு வைத்து அடிக்கிறார்களே, அதுவும் அடுக்குதானே என்று சந்தேகம் வந்துவிட்டது. பஸ் பிடித்து ஆனைமலைக்குப் போனார். அங்கே ஒரு கொல்லரிடம் நாள் முழுக்க உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார். திரும்பி வரும்போது கையில் மூன்று அரிவாள்.

"எதுக்குங்க சார் மூணு?"

"ஒவ்வொரு கேள்விக்கும் ஒண்ணு வாங்கினாத்தான் பதில் சொல்லுவேன்னுட்டாருங்க. அதுல உருக்கு ஓரத்துல இருக்குது, நடுவுல இல்லை. நீங்க தப்பிச்சீங்க."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பேட்டன்ட் சட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. தொழில் தெரிந்த ஒரு சராசரி ஆளுக்குத் தானாகவே தோன்றிவிடக்கூடியதாக இருந்தால் அது கண்டுபிடிப்பு இல்லை. எனவே சார் ஒரு சராசரி ஆளைத் தேடிப் புறப்பட்டார்.

கணபதியில் போய் ஒரு லேத்காரரிடம், "ஏனுங்க, நீங்க சராசரிங்களா?" என்று கேட்டால் என்ன ஆகும்?

"யாரைப் பார்த்துங்க சராசரிங்கறீங்க? எங்கப்பன் காலத்துல இருந்து லேத்து ஓட்டறோம்" என்றார் முதல் கடைக்காரர். இரண்டாமவர், "நான் இல்லீங்க, எதிர்க்கடைக்காரன் வேணா சராசரி. அதுக்கும் கொஞ்சம் கம்மிதான்" என்றார். எதிர்க்கடைக்காரர் ஸ்பானரை எடுத்துவிட்டார்.

சார் ஒரு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தார். தனித்தனியாக ஒருவரும் சராசரி இல்லை. பன்னிரண்டு பேரைச் சேர்த்தால் சராசரி வந்துதானே ஆக வேண்டும்?

"தம்பி, பன்னெண்டு சாம்பிள் செஞ்சு குடுங்க. டிராயிங்கும் பன்னெண்டு காப்பி."

செய்து கொடுத்தேன். சந்தோஷமாக, மஞ்சள்பையில் போட்டுக் கொடுத்தேன். சார் கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி பன்னிரண்டு கடைகளுக்கும் போய் ஆளுக்கொரு சாம்பிளும் டிராயிங்கும் கொடுத்து, "இதை எங்காச்சும் பார்த்திருக்கீங்களா, உங்களுக்கு இப்படித் தோணியிருக்குதா, நாலு நாள் வெச்சு ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எங்கயும் இல்லீங்க தம்பி. ஒருத்தருக்கும் தோணலீங்க. இது... புதுசுங்க."

அந்தக் கடைசிச் சொல்லை, பக்கத்து வீட்டுப் பேரனின் காதைத் தவிர வேறெதற்கும் அவர் வாய் அதற்கு முன் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை எட்டரை மணிக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை இரண்டாம் தரம் சரிபார்க்காமல், கம்பெனியில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன்.

மத்தியானம் வீட்டு வாசலில் சார் நிற்கிறார். உச்சி வெயிலில் நடந்தே வந்திருந்தார். யார் வீட்டுக்கும் போகாத மனிதர். என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். "இருக்கட்டும் அம்மணி" என்று தள்ளிவிட்டு, நின்றபடியே ஒரு காகிதத்தை விரித்து வாசித்தார்.

"ஒன்று, புதியதா? ஆம், நான் கடைகளுக்குக் கொண்டுபோகும் வரை. இரண்டு, பிறருக்குத் தோன்றக்கூடியதா? பன்னிரண்டு கடையிலும் தோன்றவில்லை. மூன்று, பயன்படுமா? பன்னிரண்டு கடையிலும் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதில் இருவர் விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். முடிவு: விண்ணப்பம் போடும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டதால் இது ஏற்கெனவே இருக்கிறது. வெளியிட்ட குற்றவாளி: கீழே கையெழுத்திட்டவர்."

கீழே கையெழுத்து இருந்தது. தேதியும் போட்டிருந்தார்.

 உள்ளே மகள் இருமினாள். அந்த மனிதரை என்னவெல்லாம் கேட்கலாம் என்று வரிசையாக வாயில் வந்து நின்றது.

"சாம்பிளைத் திருப்பி வாங்கலாம்னு காலையில போனேனுங்க. அப்பத்தான் பார்த்தேன்" என்றார் சார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. வேலையை எழுதிக் குடுத்துப்போட்டீங்களா?"

அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. 

"இன்னும் இல்லீங்க சார்" என்றேன். "நாளைக்குத்தான் குடுக்கலாம்னு இருந்தேன்."

"நல்லதுங்க. அப்படியே விட்டுருங்க" என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சொம்பைக் கேட்டு வாங்கி முழுக்கக் குடித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "அம்மணி, சோறு இருக்குதுங்களா? காலையில இருந்து ஒண்ணும் உங்கலீங்க" என்றார்.

காலையில் ராஜினாமாக் கடிதத்தை என் சட்டைப்பையில் வைத்து அனுப்பியவளே என் மனைவிதான். அவள் என்னைப் பார்த்தாள். இலையைப் போட்டு, சார் போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க, விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.